முன்சக்கரம் தூக்கிய கார்: ஆரணியிலிருந்து படவேட்டுக்குக் கேரவனோடு

இந்த ஆடி மாதம் ஆரணியிலிருந்து படவேட்டுக்கு இரண்டு முறை கிளம்பினேன். ஒருமுறைதான் போய்ச் சேர்ந்தேன். என் வீட்டு வாசலிலிருந்து மீட்டர்படி முப்பத்தோரு கிலோமீட்டர். பஸ்ஸில் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம். என் வண்டிக்குப் பின்னால் ஒரு கேரவன் இருந்தது. குறைந்த விலையில் ஒரு குடும்பக் கார் வாங்கி, அதில் கேரவன் இழுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழில் இதைப் பற்றித் தேடினால் சினிமா நடிகர்களின் கேரவனில் குளிர்சாதனம் எத்தனை டன் என்பதுதான் கிடைக்கிறது. எனக்குக் கிடைக்காதது அடுத்தவருக்காவது கிடைக்கட்டும்.

கேரவன் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி விஜயாவுக்கு ஏழு வருஷத்துக்கு முன் பெருங்குடலில் அறுவை சிகிச்சை நடந்தது. அன்றிலிருந்து வயிற்றின் ஓரத்தில் கழிவு சேரும் ஒரு பை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அதைக் காலி செய்ய வேண்டும். அதற்குத் தாழ்ப்பாள் போட்ட சுத்தமான அறையும் வேண்டிய மட்டும் தண்ணீரும் அவசியம். இந்த இரண்டும் சேர்ந்து இருக்கும் பொதுக் கழிப்பறையை நான் இதுவரை பார்க்கவில்லை. ஆகவே ஏழு வருஷமாக அவள் ஆரணியைத் தாண்டிப் போனதெல்லாம் வேலூர் ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க. நம்மள மாதிரி இருக்கறவங்க யாருனா படிப்பாங்க" என்றாள்.

அவள் பிறந்த வீட்டில் ஆடி மூன்றாம் வெள்ளியன்று படவேடு ரேணுகாம்பாள் கோயிலில் குடும்பத்தோடு பொங்கல் வைப்பார்கள். அவர்கள் வழக்கப்படி, பொங்கல் வைத்த வீட்டுப் பெண்கள் சாயங்காலம் விளக்கு ஏற்றும் வரை அங்கேயே இருக்க வேண்டும். அதற்கு முன் கிளம்பக் கூடாது. காலை எட்டு மணிக்குப் போனால் இரவு ஏழு ஆகிவிடும். பதினோரு மணி நேரம். இரண்டு மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்றால் விஜயா ஒப்பவில்லை. போனால் முழுசாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்றாள். அவள் அண்ணன் தசரதன் வருஷா வருஷம் ஒரு டிபன் பாக்ஸில் பிரசாதம் கொடுத்தனுப்புவார். "பொங்கல்தான் வந்துடுதே மாப்ள, அப்பறம் இன்னா?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். அதை நான் மறக்கவில்லை.

கேரவனை வாடகைக்கு எடுக்க விசாரித்தேன். ஒரு நாளைக்குப் பதினெட்டாயிரம், கிளம்பிய இடத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கு தனி என்றார்கள். ஒரு கூடாரம் கட்டிக்கொள்ளலாமே என்றார் தசரதன். ஆடி வெள்ளிக் கூட்டத்தில் காற்றுக்குப் படபடக்கும் கூடாரத்துக்குள் அவர் போய் உட்கார்ந்து பார்க்கட்டும்.

களம்பூரில் நெல் ஏற்றும் டிராக்டர் டிரெய்லர்கள் கட்டும் இஸ்மாயில் பாயைப் பிடித்தேன். கல்யாண மண்டபங்களுக்கு ஜெனரேட்டர் இழுத்துக்கொண்டிருந்த ஒரு பழைய டிரெய்லர், ஆர்.சி. புத்தகத்தோடு ஐம்பத்தைந்தாயிரத்துக்குக் கிடைத்தது. பாய் அதன் சட்டத்தை முன்பக்கம் நீட்டி, மேலே தகர அறை கட்டி, ஒரு படுக்கை, கழிப்பறை, கைகழுவும் தொட்டி, நூறு லிட்டர் தண்ணீர் டாங்க், பேட்டரி எல்லாம் பொருத்தினார். நான்கு மாதம் ஆனது. ஒரு லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரம். மாற்றங்களை ஆர்.சி.யில் ஏற்றுவதற்கு நான் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஆறு முறை போனேன். அதைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது.

அடுத்தது கார். என்னிடம் இருந்தது நாலரை லட்சம். நான் பேங்க்கில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் ரீஜனல் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியூர் மாற்றல் வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பதவி உயர்வு போனது. ஏன் எழுதினேன் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. ஆகவே நாலரை லட்சம்.

வேலூர் ரோட்டில் ஒரு புரோக்கரிடம் மூன்று பழைய கார்களைப் பார்த்தேன். கம்பெனிப் பெயர் சொல்ல மாட்டேன், எனக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. முதலாவது ஒரு சின்ன பெட்ரோல் கார், இரண்டு லட்சத்துத் தொண்ணூறு. எடை எண்ணூற்றைம்பது கிலோ. கேரவன் அறுநூற்று நாற்பது. இழுக்கிற வண்டி கனமாகவும் பின்னால் வருவது இலேசாகவும் இருந்தால்தான் பிரேக் அடிக்கும்போது நாம் நினைத்த இடத்தில் நிற்கும். அதனால் அது கழிந்தது. மூன்றாவது பின்சக்கரத்தில் இழுக்கும் ஏழு இருக்கை டீசல் வண்டி. எட்டு லட்சத்து அறுபது. பார்த்ததோடு சரி. இரண்டாவது, ஏழு வருஷம் ஓடிய ஐந்து இருக்கை டீசல் கார். எடை ஆயிரத்து நூற்று இருபது கிலோ, முன்சக்கர இழுவை, நான்கு லட்சத்து நாற்பதாயிரம். கூடவே வந்த கையேட்டில் எவ்வளவு எடை இழுக்கலாம், கொக்கியில் எவ்வளவு எடை விழலாம் என்று ஒரு பக்கம் இருந்தது. பல கார்களின் கையேட்டில் அந்தப் பக்கமே இருக்காது. இல்லாத காரை வாங்காதீர்கள்.

வாங்கினேன். இழுவைக் கொக்கி மாட்டப் பதினான்காயிரத்து ஐந்நூறு. அந்தப் பக்கத்தில் இரண்டு எண்கள் இருந்தன. இழுவை எடையைப் படித்தேன். கொக்கி எடையையும் படித்தேன், எழுபத்தைந்து கிலோ. படித்துவிட்டு மறந்துபோனேன். அது என் தப்பு.

தசரதன் காரைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தார். "மாப்ள, இது சோறு எடுத்துகினு ஆபீஸ் போற காரு. அந்தப் பெட்டிய இது இழுக்காது. நீங்க கணக்குல எம்.எஸ்சி., இல்லன்னு சொல்லல. காரு வேற."

முதல் பயணத்தை ஆடி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வைத்தேன். ஒத்திகை. மூன்றாம் வெள்ளிக்கு முன்னால் விஜயாவுக்கு ஒரு பழக்கம் வரட்டும் என்று நினைத்தேன். எங்கள் தெருவில் காலை ஆறு மணிக்கு நெசவுக்கான நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிப் பாவு நீட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் ஒன்பது வரை சைக்கிள்கூட ஓரமாகத்தான் போக வேண்டும். ஆகவே 5.35க்குக் கிளம்பினோம். தெரு முனை திரும்பவே ஏழு நிமிஷம் பிடித்தது. கேரவனோடு திரும்புகிறவர்கள் எப்போதும் திருப்பும் இடத்தைத் தாண்டி ஒரு கஜம் போய்த் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் உள்பக்கச் சக்கரம் யார் வீட்டுப் படியிலாவது ஏறும்.

ஊரைத் தாண்டியதிலிருந்தே ஸ்டியரிங் ஒரு மாதிரி இருந்தது. லேசாக, கைக்கு எதுவும் சொல்லாமல். எதிரே லாரி வந்தால் காரின் மூக்கு ஒரு பக்கம் மிதந்தது. மணிக்கு முப்பதுக்கு மேல் போகவில்லை. எதிரில் வந்தவர்கள் எல்லாம் ஹெட்லைட்டை அணைக்கச் சொல்லிக் கைகாட்டினார்கள். லைட் கீழே பார்க்கும்படிதான் வைத்திருந்தேன். சரியான பேஜார் பிடித்த ஜனம் என்று நினைத்துக்கொண்டேன்.

சந்தவாசலை 6.35க்குத் தாண்டினோம். அதற்கப்பால் இரண்டு கிலோமீட்டரில் ஒரு சின்னப் பாலம் வேலை நடக்கிறது. ஓரமாக மண்ணில் தற்காலிகப் பாதை போட்டிருக்கிறார்கள். பள்ளத்தில் இறங்கி, பதினைந்து மீட்டர் ஏற வேண்டும். முதல் நாள் மழை. இறங்கிவிட்டேன். ஏறும்போது பாதியில் முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் சுற்றுவதுபோலச் சுற்றின. எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. மூன்று முறை முயன்றேன். நான்காவது முறை பின்னால் சரிந்தது. கேரவன் ஒரு பக்கமாக மடங்கி நின்றது. விஜயா கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

பத்து நிமிஷத்தில் எட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் கேரவன் ஜன்னலில் கையை வைத்து மறைத்து உள்ளே பார்த்தார்.

"ஷூட்டிங்கா சார்? யாரு வந்துகிறாங்க?"

"யாரும் வரல. குடும்பத்தோட கோயிலுக்குப் போறோம்."

"கோயிலுக்கு இது எதுக்கு சார்? ஷேர் ஆட்டோல ஏறுனா இருபது ரூபா."

வயல் பக்கமிருந்து ஒரு டிராக்டர்காரர் வந்தார். சங்கிலி கட்டுவதற்கு முன்னால் குனிந்து காரைப் பக்கவாட்டில் பார்த்தார். "சார், உங்க காரு முன்னங்கால தூக்கிகினு நிக்கிற குதிர மாதிரி கீது. பாருங்க." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. "நீங்க இழுங்க, போதும்" என்றேன். அவர் சொன்னது அந்தக் காலையில் எனக்குக் கிடைத்த ஒரே உண்மையான தகவல். எனக்கு அது கேலியாகத்தான் கேட்டது. அவர் மேலே இழுத்து விட்டுவிட்டுப் பணம் வாங்காமல் போனார்.

மணி 8.10. மேலே போகலாமா என்று விஜயாவைக் கேட்டேன். திரும்பலாம் என்றாள். பாலம் கட்டுகிறவர்கள் அந்த ஒரு தடவைக்கு மட்டும் அதன் மேல் பலகை போட்டு, திரும்பி வர ஒரு வழி செய்து கொடுத்தார்கள். வீட்டில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்.

"வாணாங்க. வெள்ளிக்கெழம நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. எனக்கோசரம் இவ்ளோ பண்ணீங்க. போதும்."

எனக்கு அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தசரதனுக்கு விஷயம் எப்படிப் போனதோ, மதியமே போன் வந்தது. "நான் அப்பவே சொன்னேன் மாப்ள. அந்த ஏழு சீட்டு வண்டி இன்னும் அங்கதான் கீது. ஜல்தியா முடிச்சிடுங்க. அது மலையவே இழுக்கும்." எட்டு லட்சத்து அறுபதுக்கு என்னிடம் ஒரு வழிதான் இருந்தது. விஜயாவின் வைத்தியத்துக்கென்று போட்டு வைத்திருக்கும் டெபாசிட். அதை உடைத்தால் அவளைப் படவேட்டுக்குக் கூட்டிப் போகலாம், அடுத்த முறை வேலூருக்குக் கூட்டிப் போக யோசிக்க வேண்டும். இரண்டு நாள் யோசித்தேன். செவ்வாய்க்கிழமை விடுப்பு போட்டுக் கேரவனைக் களம்பூருக்கு இழுத்துப் போனேன். பாய் யாருக்காவது விற்றுக் கொடுத்தால் கொடுக்கட்டும் என்பது என் முடிவு. வெள்ளிக்கு மூன்று நாள்தான் இருந்தது.

பதின்மூன்று கிலோமீட்டர். 10.20க்குக் கிளம்பி 11.00க்குச் சேர்ந்தேன். பாய் பட்டறைக்கும் பக்கத்து ரைஸ் மில்லுக்கும் ஒரே சுவர். கேரவனைக் காரிலிருந்து கழற்ற முன்பக்கத்தில் சின்ன உருளைச் சக்கரம் ஒன்று உண்டு. அதைச் சுற்றினால் கொக்கியில் மாட்டும் கேரவனின் மூக்கு மேலே எழும்பும். அன்று அது பிடித்துக்கொண்டது. பாய் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏழுமல! ஒரு கை குடுத்துட்டுப் போயேன்!"

ஏழுமலை மில்லில் மூட்டை தூக்குகிறவர். ஐம்பது வயது இருக்கும். தலைத்துண்டு, தோளெல்லாம் தவிட்டுத் தூசி. குனிந்து கேரவனின் மூக்கைக் கொக்கியிலிருந்து தூக்கி, இரண்டு அடி நகர்த்திக் கல்லின் மேல் வைத்தார். நிமிர்ந்து பாயைப் பார்த்தார்.

"இன்னா பாய், இத்த காரு மேலயா மாட்டி உட்ட?"

"ஏன், இன்னா ஆச்சு?"

"ரெண்டு மூட்ட கீது பாய் இது."

"போய்யா. ஒத்த ஆளா தூக்கிட்ட, ரெண்டு மூட்டன்ற."

"தூக்குனவன் நான். உனுக்கு இன்னா தெரியும்? எழுவத்தஞ்சு கிலோ மூட்டைல ரெண்டு. அஞ்சாறு கிலோ கம்மியா இருக்கும், அவ்ளோதான். அந்தக் காரு பின்னாடி ரெண்டு மூட்ட அரிசிய ஏத்தி வெச்சா அது எப்டி ஓடும்? குந்திக்கும்."

"நூத்தம்பதெல்லாம் வராதுய்யா."

"பந்தயம்? டீ, ரெண்டு வட."

மில்லிலிருந்து மூட்டை எடை போடும் தராசை இரண்டு பேர் உருட்டி வந்தார்கள். மூக்கை அதன் மேல் வைத்தோம். 144 கிலோ. ஏழுமலை எண்ணைப் பார்க்கக்கூட இல்லை. பாயின் முகத்தைத்தான் பார்த்தார். "வட மசால் வட" என்றார்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. கையேட்டில் இருந்த எழுபத்தைந்து. எதிரே வந்தவர்கள் விளக்கை அணைக்கச் சொன்னது. மிதந்த ஸ்டியரிங். காரின் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறது. இந்தக் கார் இழுப்பது முன்சக்கரத்தால். அந்தச் சக்கரத்தின் மேல் எடையே இல்லை. குதிரை என்று அந்த டிராக்டர்காரர் சொன்னார்.

"பாய், டாங்க், பேட்டரி ரெண்டையும் எதுக்கு முன்னாடியே வெச்சீங்க?" என்று கேட்டேன்.

பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கொக்கில வெயிட்டு உழுந்தாதான சார் இழுக்கும்? சேத்துல டிராக்டர் பின்சக்கரம் சுத்தாம இருக்கணும்னா டிரெய்லரு அது மேல சாயணும். இருவத்திரெண்டு வருஷமா நெல்லு வண்டி கட்றேன். ஒரு வண்டி சேத்துல நின்னதில்ல."

"டிராக்டர் பின்சக்கரத்துல இழுக்குது. இந்தக் காரு முன்சக்கரத்துல இழுக்குது."

பாய் காரின் முன்பக்கம் போய்ப் பார்த்தார். பின்பக்கம் வந்தார். "அது எனக்குத் தெரியும் சார்" என்றார். "தெரியாம இல்ல. கை அதுவா அங்க கொண்டுபோய் வெச்சிடுச்சி."

அவர் மேல் கோபப்பட எனக்கு ஆசைதான். ஆனால் நான்கு மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கே நின்று பார்த்தவன் நான். ஒன்பதாம் வகுப்பு நெம்புகோல் கணக்கு இது. டாங்க் கேரவனின் சக்கர அச்சுக்கு ஒன்றரை அடியோ ஒன்றரை மீட்டரோ முன்னால் இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். கணக்கில் எம்.எஸ்சி. படித்த நான் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. உலகத்தில் எல்லோருடைய தப்பையும் தேதியோடு ஞாபகம் வைத்திருக்கிற எனக்கு, இதில் பழி போட வேறு ஆள் கிடைக்கவில்லை.

சிமெண்ட் தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டேன். கொக்கியிலிருந்து அச்சுக்கு 2.9 மீட்டர். நிரம்பிய டாங்க் நூறு கிலோ, அச்சுக்கு 1.4 மீட்டர் முன்னால் இருந்தது. அதை அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் கொண்டுபோனால் மூக்கில் அறுபத்தைந்து கிலோ குறையும். இருபத்தைந்து கிலோ பேட்டரியை முன்பெட்டியிலிருந்து அச்சின் மேல் வைத்தால் இன்னும் பத்தொன்பது. மிச்சம் அறுபது. ஏழுமலை டீ குடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தினி எழுதணுமா சார்? பின்னாடி தள்ளு, தூக்கிப் பாரு, ஒரு மூட்டைக்குக் கொறவா வந்தா உடு. அவ்ளோதான்."

ஒரு மூட்டை என்றால் எழுபத்தைந்து கிலோ. அவர் கணக்கும் கையேட்டின் கணக்கும் ஒன்றுதான்.

பாய் எல்லா வேலையையும் விட்டுவிட்டு உட்கார்ந்தார். புதன்கிழமை மாலை 4.30க்கு முடிந்தது. குழாய், இரும்புப் பட்டை, வெல்டிங் சேர்த்து மூவாயிரத்து எண்ணூறு ரூபாய். கூலி வாங்கவில்லை. டாங்கை நிரப்பித் தராசில் வைத்தோம். 61. ஏழுமலை இன்னொரு முறை தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். எட்டு லட்சத்து அறுபதாயிரம் மிச்சம் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. நானூறு ரூபாய் கொடுத்தேன். குறைவுதான்.

வீட்டுக்கு வந்து விஜயாவிடம் சொன்னேன். "சரியாய்டுச்சா?" என்று கேட்டாள். தராசில் சரியாக இருக்கிறது, பள்ளத்தில் ஏறிப் பார்க்கவில்லை என்றேன். பொய் சொல்ல முடியவில்லை. அவள் கொஞ்ச நேரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மறுபடியும் அதே எடத்துல நின்னா, நான் எறங்கி கோயிலுக்கு நடந்தே போவேன். திரும்பி ஊட்டுக்கு வரமாட்டேன்" என்றாள். எதைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. எழுந்து போய் டயரில் காற்று சரி பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை 5.20க்குக் கிளம்பினோம். கேரவனில் மாற்றுப் பைகள், துணிகள், பானை, வெல்லம், பச்சரிசி. இந்த முறை யாரும் விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. ஸ்டியரிங்கில் தரை தெரிந்தது. மணிக்கு நாற்பதில் போக முடிந்தது. சந்தவாசலில் 6.05. பாலத்துப் பள்ளத்தில் இறங்குவதற்கு முன் நிறுத்தினேன். இரவு தூறியிருந்தது, மண் ஈரம். முதல் கியரில் அவசரப்படாமல் விட்டேன். பாதியில் வலது சக்கரம் ஒரு அரைச் சுற்று வழுக்கியது. பிறகு பிடித்தது. மேலே வந்துவிட்டோம். விஜயா கைப்பிடியை விட்டாள். "ம்" என்றாள்.

6.40க்குப் படவேடு. கோயிலுக்கு நானூறு மீட்டர் முன்னால் ஒரு மாந்தோப்பில் இடம் விடுகிறார்கள். காருக்கு ஐம்பது, கேரவனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு நூற்றைம்பது என்றார் ரசீதுக்காரர். ஏழு மணிக்குள் வந்தால்தான் நிழலான இடம் கிடைக்கும், கவனிக்கவும். எட்டு மணிக்குள் கேரவனைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். மஞ்சள் புடவை, கையில் வேப்பிலை. ஒரு பெண்மணி கதவைத் தட்டியே விட்டார்.

"எந்த ஹீரோயின் சார் உள்ள கீறாங்க? ஒரு தபா பாத்துட்டுப் போறோம்."

கதவைத் திறந்துகொண்டு விஜயா இறங்கினாள். முகம் கழுவி, தலை பின்னி, புதுப் புடவையில் இருந்தாள். "நான்தாம்மா. பாத்துக்கோங்க" என்றாள். அந்தப் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே தண்ணீர் வருமா, விசிறி உண்டா, இதற்கு என்ன செலவு என்று கால் மணி நேரம் கேட்டார்.

9.30க்குத் தசரதனும் குடும்பமும் டெம்போவில் வந்தார்கள். அவர் முதலில் கேரவனைப் பார்த்தார், பிறகு காரைப் பார்த்தார், அந்த ஏழு சீட்டு வண்டியைத் தேடினார் என்று நினைக்கிறேன். விஜயா அதற்குள் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டியிருந்தாள். பொங்கல் 10.40க்குப் பொங்கியது. பொங்கும்போது அவள் குரல்தான் எல்லோரையும்விட உரக்கக் கேட்டது.

அதற்குப் பிறகு சாயங்காலம் வரை நேரம் குறித்துவைக்கவில்லை. வாசகர்கள் மன்னிக்கவும். அவள் எத்தனை முறை கேரவனுக்குள் போய் வந்தாள் என்று எனக்குத் தெரியாது. ஏழு வருஷமாகக் கடிகாரத்தைப் பார்த்தே பழகியவன், அன்று மாமரத்தடியில் தூங்கிவிட்டேன்.

6.25க்கு விளக்கு ஏற்றினார்கள். விஜயா தன் விளக்கைக் கையால் மறைத்து எடுத்துக்கொண்டு மற்ற பெண்களோடு வரிசையில் போனாள். கூட்டத்தில் எது அவள் விளக்கு என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை.

கிளம்பும்போது தசரதன் கேரவனின் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். பூட்டைச் சுழற்றிப் பார்த்தார். "மாப்ள, நல்லாத்தான் பண்ணிகிறாரு பாய். அடுத்த மாசம் எங்க ஊட்ல ஏலகிரி போற பிளான் ஒண்ணு கீது. நாலு நாளு குடுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் விஜயா சொன்னாள். "இல்லண்ணா. அடுத்த மாசம் நாங்க எடுத்துகினு போறோம்."

"எங்கம்மா?"

"எங்கனா."

எனக்கும் அது புதுச் செய்தி.

இனி, வாங்க நினைக்கிறவர்களுக்கு. நாலரை லட்சம் ரூபாய்க் கார் போதும், கேரவன் அறுநூற்றைம்பது கிலோவைத் தாண்டாமல் இருந்தால். முன்சக்கரத்தில் இழுக்கிற கார் என்றால் டீசலாகப் பாருங்கள். கேரவனின் மொத்த எடையைக் கேட்டால் எல்லோரும் சொல்வார்கள், மூக்கின் எடையை யாரும் சொல்ல மாட்டார்கள். நீங்களே போடுங்கள். அருகில் ரைஸ் மில் இருந்தால் மூட்டைத் தராசில் தண்ணீர் நிரப்பிய நிலையில் வைத்துப் பாருங்கள். காலி டாங்கோடு போட்ட எடை எதற்கும் உதவாது. டிராக்டர் டிரெய்லர் கட்டுகிறவரிடம் கட்டினால், கனமான சாமான்களை அச்சின் மேல் வைக்கும்படி முதல் நாளே சொல்லிவிடுங்கள், இரண்டாம் நாள் போய்ப் பார்க்கவும் செய்யுங்கள். மூக்கு ரொம்ப இலேசாகப் போனாலும் ஆபத்து, பின்பக்கம் ஆட்டம் போடும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வையுங்கள். போக வர அறுபத்திரண்டு கிலோமீட்டருக்கு ஐந்து லிட்டர் டீசல் ஆனது. கேரவன் இல்லாமல் மூன்றேகால் லிட்டர் போதும். கண்ணாடிகளுக்கு நீட்டிப்பு வாங்குங்கள். பின்னால் எடுக்கும் பழக்கத்தைக் காலி மைதானத்தில் செய்யுங்கள், உறவினர்கள் முன்னால் செய்யாதீர்கள். உங்கள் வண்டியைப் பார்த்து யாராவது சிரித்தால், என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று கேட்டுவையுங்கள்.

இந்தக் கார் மலை ஏறுமா என்று பின்னூட்டத்தில் கேட்பீர்கள். திரும்பும் வழியில், சந்தவாசல் டீக்கடையில் நின்றபோது விஜயாவும் இதைத்தான் கேட்டாள்.

"ஏங்க, இது எது வரைக்கும் போவும்?"

"கொண்டை ஊசி வளைவெல்லாம் வாணாம். கிளட்ச் போய்டும். சமவெளின்னா எங்க வேணா போவும்."

அவள் டீயை ஆற்றிக் குடித்தாள். டம்ளரைக் கொடுத்துவிட்டுக் கேரவனுக்குள் போனாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. ஐந்து நிமிஷம் கழித்து வந்து காரில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

"அப்ப கடல் இருக்குதே," என்றாள், "அதுக்கு மலை ஏற வேணாம் இல்ல?"